கோவிவனும் அடுக்களைப் பூனையும்

சென்ற ஐப்பசி அடைமழையின்போது நம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தெருநாய் ஒன்று நான்கு குட்டிகளை ஈன்றது. அது நமக்குப் புதிய நாயன்று. இரண்டாண்டுகளாக இரவு மிஞ்சிய தயிர்ச்சோற்றை வாசலில் நின்று உண்டு வந்த நாய்தான். நம் வீட்டில் அதற்குச் செவலை என்று பெயர், எதிர்வீட்டில் ராணி, கோடிவீட்டில் பெயரே இல்லை, வெறும் 'ஏய்'. குட்டிகள் கண் திறந்த நாள் பிள்ளைகளுக்குத் தீபாவளியாயிற்று. மூன்றாம் வாரம், பால் போட வந்த பையன் படிக்கட்டின் அருகே குனிந்தான். செவலை அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

மாலையில் தெரு கூடியது. பையனின் தாய் உரக்கப் பேசவில்லை. "இது யாரு வீட்டு நாய்ங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சோறிட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றிருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமும் தரையைப் பார்த்தோம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். அன்று நாம் கண்ணை மூடிக்கொண்ட பூனையாகத்தான் நின்றோம்.

'யாருடைய நாய்?' என்னும் கேள்வி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. தமிழ் படித்தவனுக்கு உறக்கம் கெட்டால் கை தானாகவே பழைய ஏடுகளைத் தேடிச் செல்லும். தேடியபோது, அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இருப்பது தெரிந்தது.

*

தொல்காப்பிய மரபியலில் நாய்க்கும் பூனைக்கும் இடமுண்டு. நாயின் இளமைப் பெயர் குருளை. அப்பெயரைப் புலியோடும் பன்றியோடும் முயலோடும் அது பகிர்ந்துகொள்கிறது. வெருகின் இளமைப் பெயர் குட்டி. வெருகைப் பூசை என்று வழங்குவதும் உண்டென்கிறது அந்நூல். அந்தப் பூசைதான் இன்றும் மலையாளத்தில் 'பூச்ச' என்று வாழ்கிறது. பெண் நாய்க்குப் 'பாட்டி' என்றொரு பெயரைத் தொல்காப்பியர் சொல்லும் இடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பது வழக்கம். செவலை குட்டிகளைச் சுற்றி உடலை வளைத்துப் படுத்திருந்த கோலத்தைக் கண்ட பிறகு அப்பெயர் நமக்கு நகைப்பாகத் தோன்றவில்லை.

சங்கப் பாடல்களில் இவ்விரண்டு உயிர்களும் பெரும்பாலும் இரவில் வருகின்றன. அகநானூற்றின் 122ஆம் பாடலில் பரணர் இரவுக்குறிக்கு நேரும் தடைகளை அடுக்குகிறார். ஊர் உறங்கினாலும் தாய் உறங்காள்; தாய் உறங்கினாலும் காவலர் உறங்கார்; காவலர் உறங்கினாலும் நாய் குரைக்கும். அந்த நாயின் வால் வலப்பக்கமாகச் சுருண்டிருப்பதையும் கூரிய பற்களையும் பரணர் விடாமல் குறிக்கிறார். நாயை அருகில் வைத்துப் பார்த்தவனுக்கே அந்தச் சுருள் கண்ணில் படும்.

வெருகு வேலியோரத்தில் பதுங்கி வருகிறது. ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகைப் பாட்டில் (139), மாலையில் வேலிப்பக்கம் வெருகினம் வரக்கண்ட பெட்டைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. புறநானூறு 326இல் வெருகுக்கு அஞ்சிக் கதறும் இளம்பெட்டை, இரவில் பஞ்சு நூற்கும் பெண் ஏற்றிய சிறுவிளக்கின் ஒளியில் தன் சேவலைக் கண்டு அமைதி கொள்கிறது. வெருகு காட்டுப்பூனையைக் குறிக்கும் சொல் என்பர். அது காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வேலியில் நின்ற உயிர் என்பதை இப்பாடல்களே காட்டுகின்றன.

நாய் நுழையக்கூடாத இடமும் இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, அந்தணர் உறைவிடத்தைச் சொல்லும்போது அங்கே கோழியும் நாயும் நெருங்குவதில்லை என்கிறது. அதே நூலில் எயினர் நாய்களோடு வேட்டைக்குச் செல்கின்றனர். ஒரு தெருவில் உழைப்பின் துணை, இன்னொரு தெருவில் தீட்டு. நாயை வைத்து மனிதரை அளக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

*

நாய்க்கு முதன்முதலில் பெயரைக் கண்டது நாம் ஒரு நடுகல்லில்தான். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்றோர் ஊர். அங்குள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டான். கல்லில் அவனுக்கு அருகே ஒரு நாய் நிற்கிறது. வட்டெழுத்துச் சாசனம் வீரனைச் சொல்லியதோடு நின்றுவிடாமல், கோவிவன் என்னும் நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் பொறித்திருக்கிறது. எழுதியவனுக்கு 'அவன் நாய்' என்று ஒரு சொல்லில் முடித்திருக்க எளிது. அவ்வூரார் அப்படி முடிக்க மனம் கொள்ளவில்லை. அது யாருடைய நாய் என்பதில் அங்கே எவருக்கும் ஐயமிருந்திருக்காது.

இதில் நம்மை வியக்கவைக்கும் ஒரு பொருத்தமுண்டு. அதே மகேந்திரவர்மன் எழுதிய வடமொழி எள்ளல் நாடகம் மத்தவிலாசப் பிரகசனம். கச்சி மாநகரத் தெருவில் குடிமயக்கத்தில் திரியும் காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுக் கலத்தைத் தொலைத்துவிடுகிறான். புத்தத் துறவிதான் திருடினான் என்று வழக்காடுகிறான். முடிவில், கலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்று தெரியவருகிறது. அந்த நாய்க்குப் பெயரில்லை, உடையவனும் இல்லை. ஆக, ஒரே மன்னன் காலத்தில் செங்கத்தில் ஊர் போற்றிப் பெயர் பொறித்த ஒரு நாயையும், காஞ்சியில் யாருக்கும் உரியதல்லாத ஒரு தெருநாயையும் காண்கிறோம். இன்று நம் தெருவில் இருப்பவையும் இவ்விரு குலமே.

பூனைக்குப் பல்லவர் தந்தது வேறு வகைச் சிறப்பு. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்யும் பூனையைப் பார்க்காதவர் இருக்கமுடியாது. சுற்றிலும் எலிகள். பொய்த்தவம் புரிந்து எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை பாரதத்திலும் உண்டு. நாய்க்கு விசுவாசம், பூனைக்கு வஞ்சகம் என்ற பங்கீடு அப்போதே கல்லில் ஏறிவிட்டது. நம் வீட்டுப் பூனை பிறரை ஏமாற்றித் தவம் செய்து நாம் கண்டதில்லை. திருத்த வைத்த தேர்வுத் தாள்களின் மேல் படுத்து, மாணவர்களின் சார்பில் நம்மைத் தடுத்ததைத்தான் கண்டிருக்கிறோம்.

கோவிவனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கன்னட நாட்டில் இன்னொரு பெயர் கிடைக்கிறது. 949இல் நடந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அவனைக் கொன்றவன் இராட்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன். இப்போரை ஒட்டி எழுந்தது ஆதகூர்க் கல்வெட்டு. மண்டியா மாவட்டத்தில் கிடைத்து இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனிடம் என்ன வேண்டும் என்று பூதுகன் கேட்க, அவன் கேட்டது காளி என்னும் நாயை. பின்னர் ஒரு வேட்டையில் காளி பெருங்காட்டுப்பன்றியோடு மோதியது, இரண்டுமே மடிந்தன. மணலேரன் கல் நாட்டி, வழிபாட்டுக்கு நிலமும் விட்டான். சோழ வரலாற்றையே திருப்பிய ஒரு போரின் செய்தியை நமக்குக் காத்துத் தந்த கல், அடிப்படையில் ஒரு நாயை இழந்தவனின் துயரம்.

*

பக்திக் காலத்தில் இவ்வுறவு நுட்பமாகிறது. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திச் சொல்ல நாயைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார். கம்பரோ அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனை என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார். தம்மைத் தாமே இகழ்ந்துகொள்ள எடுத்த உயிர்கள் இவை. எனினும் எந்நேரமும் கண்முன் திரிந்தவை இவையே என்பதும் அதிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. நாலடியாரின் கணக்கு வேறு. தன்னை வளர்த்த பாகனையே கொல்லும் யானையை விட்டு, எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலாட்டும் நாயைப் போன்றவரோடு நட்புக் கொள்ளச் சொல்கிறது அது.

இவையெல்லாவற்றிலும் நம்மை உலுக்குவது பத்திரகிரியார் கதை. அரசைத் துறந்து பட்டினத்தாரின் சீடரானவர் அவர். திருவிடைமருதூர்க் கோயிலின் ஒரு கோபுரவாயிலில் குரு, மற்றொன்றில் சீடர். சீடரிடம் இருந்தவை ஒரு திருவோடும், மிச்சச் சோற்றுக்காக ஒட்டிக்கொண்ட ஒரு நாயும். பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், மறுவாயிலில் ஒரு குடும்பி இருக்கிறான், அவனிடம் கேள் என்றாராம். செய்தி எட்டியதும் பத்திரகிரியார் ஓட்டை வீசி எறிந்தார். அது பட்டு நாய் இறந்தது.

துறவின் மேன்மைக்குச் சான்றாகவே இக்கதையைப் பாடம் நடத்தி வந்தோம். இப்போது படிக்கையில் பட்டினத்தாரின் சொல்லில் வேறொன்று கேட்கிறது. ஒரு பிடி சோறு போட்டாலே போதும், நீ குடும்பிதான். அதிலிருந்து உனக்கு விலக்கில்லை. மாடிப்படிக்கு அடியில் தயிர்ச்சோறு வைத்த நமக்கும் அது பொருந்தும்.

*

இந்த உறவின் அச்சத்துக்கும் வரலாறு உண்டு. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியைச் சிறுவன் ஒருவனுக்கு முதலில் செலுத்தினார். 1907இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளைத் திசுவிலிருந்து ஆக்கிய மருந்துதான் பல தலைமுறைகளுக்குக் கிடைத்தது. நம் இளமையில் நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் அச்சுறுத்தியது இதைத்தான். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அம்மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டு, கையில் செலுத்தும் புதிய ஊசிகள் வந்தன. ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்நோயால் உலகில் நேரும் சாவுகளில் 36 விழுக்காடு இந்தியாவில்தான்.

அச்சத்துக்கு நகரங்கள் கண்ட விடை கொலை. சென்னையில் நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றனர். 1959இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதல் கருத்தடையும் தடுப்பூசியுமே மாற்றுவழி என்று வற்புறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி அவ்வழியை ஏற்றது 1996இல். 2001இல் அது நாடு தழுவிய விதியாயிற்று; 2023இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், சில நாள்களிலேயே அதைத் திருத்திக் கருத்தடையும் ஊசியும் முடித்தவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும், நவம்பரில் பள்ளி, மருத்துவமனை போன்ற வளாகங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்றதும் நினைவிருக்கும். நாடே இரு கட்சியாக வாதிட்டது. கடிபட்ட குழந்தைகளின் படங்களை ஒரு சாரார் காட்டினர். வண்டியில் ஏற்றப்பட்ட நாய்களின் கண்களை மறுசாரார் காட்டினர். இரண்டும் உண்மை. பால்காரப் பையனின் தாய் கேட்ட கேள்வி மட்டும் இரு சாராரிடமும் விடையின்றி நின்றது.

நாம் கண்ட விடை எளியது. திண்ணை வைத்த வீடுகள் இருந்த காலத்தில் வாசல் என்பது வீட்டுக்கும் ஊருக்கும் பொதுவான இடம். அங்கே படுத்த நாயும் பொது; அதற்கான பொறுப்பும் ஓரளவு பொதுவாக இருந்தது. திண்ணைகள் போய்ச் சுற்றுச்சுவர்கள் எழுந்தபோது சோறு மட்டும் சுவரைத் தாண்டி வெளியே வந்தது. பொறுப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

*

கடித்த அன்றே அந்தத் தாய் மகனின் காலைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் முதல் ஊசி போட்டுவிட்டிருந்தார். அதற்கும் நம்மைக் காத்திருக்கவில்லை. இரண்டாம் ஊசி நாளன்று காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "நம்ம வீட்டு நாய்தாம்மா" என்றோம். அவர் நம்மை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். 28ஆம் நாள் ஊசி வரை அவர்களுடன் சென்று வந்தோம். பையன் நலமாக இருக்கிறான். பால் பாத்திரத்தை மட்டும் இப்போது கேட்டுக்கு வெளியிலேயே வைக்கிறான். அதில் நமக்கு வருத்தம் கொள்ள உரிமையில்லை.

குட்டிகளில் இரண்டை ஊர்க்காரர்கள் தோட்டக் காவலுக்கு வாங்கிச் சென்றனர். ஒன்று மழைக்குளிரில் இறந்தது. செவலைக்குக் கால்நடை மருத்துவமனையில் ஊசி போட்டுக் கருத்தடையும் செய்வித்தோம். எஞ்சிய குட்டி உள்ளே வந்துவிட்டது. அடுக்களைப் பூனை முதல் வாரம் அலமாரி உச்சியை விட்டு இறங்கவில்லை. பிறகு இரண்டு நாள் காணாமலும் போயிற்று. நெடுஞ்சாலைப் பக்கம் விளக்கெடுத்துக்கொண்டு தேடினோம். மூன்றாம் நாள் விடியலில் சன்னல் வழியே வந்து, ஒன்றும் நடவாதது போலத் தேர்வுத் தாள்களின் மேல் படுத்துக்கொண்டது.

கால்நடை மருத்துவமனைச் சீட்டில் இரண்டு இடங்கள் வெற்றாக இருந்தன. ஒன்று நாயின் பெயர். மற்றொன்று உடையவர் பெயர். முதல் இடத்தில் பிள்ளைகள் கோவிவன் என்று எழுதச் சொன்னார்கள். எழுதுபவர் இரண்டு முறை கேட்டுத்தான் எழுதினார். இரண்டாம் இடத்தில் நம் பெயரை நாமே எழுதினோம்.