பாஜிகர் (திரைப்படம்)

பாஜிகர் 1993 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்த இந்தித் திரைப்படமாகும். அப்பாஸ்-மஸ்தான் சகோதரர்கள் இயக்கிய இத்திரைப்படத்தில் ஷாருக் கான், கஜோல், ஷில்பா செட்டி ஆகியோர் முக்கிய வேடங்களில் நடித்துள்ளனர். ஷில்பா செட்டி நடித்து வெளிவந்த முதல் திரைப்படம் இதுவாகும். பாஜிகர் என்ற உருதுச் சொல் பந்தயம் வைத்து ஆடுபவன், சூதாடி எனப் பொருள்படும்.

வகை

காதல் படம் / மர்மப்படம்

கதைச்சுருக்கம்

கதையின் முடிவு உட்பட முழு விபரங்களும் கீழே தரப்பட்டுள்ளன.

மதன் சோப்ரா (தலிப் தாகில்), தன்னை நம்பிய முதலாளியிடம் அதிகாரப் பத்திரம் பெற்று அவருடைய நிறுவனத்தைக் கைப்பற்றுகின்றான். முதலாளியும் அவரது கைக்குழந்தையும் இறக்க, மனைவி (ராக்கி) மனநிலை பாதிக்கப்படுகின்றார். எஞ்சிய மகன் அஜய் (ஷாருக் கான்) பழிவாங்க உறுதி கொள்கின்றான்.

வளர்ந்த பின் மதன் சோப்ராவின் மூத்த மகள் சீமாவை (ஷில்பா செட்டி) இரகசியமாகக் காதலிப்பது போல் நடிக்கும் அஜய், அதே வேளையில் விக்கி மல்ஹோத்ரா என்ற பெயரில் இளைய மகள் பிரியாவின் (கஜோல்) அன்பையும் பெறுகின்றான். பதிவுத் திருமணம் செய்யலாம் எனச் சீமாவை அழைத்துச் சென்று, மாடியிலிருந்து தள்ளிக் கொலை செய்து, தற்கொலை போல் தோன்றச் செய்கின்றான். இதனை நம்பாத பிரியா, காவல்துறை அதிகாரியான நண்பர் கரனின் துணையுடன் உண்மையைத் தேடுகின்றாள். துப்புத் தரக்கூடியவர்களையும் அஜய் கொல்கின்றான். மதன் சோப்ராவிடம் அதிகாரப் பத்திரம் பெற்று, தந்தை இழந்த நிறுவனத்தை அதே வழியில் மீட்கின்றான். இறுதியில் பிரியா உண்மையை அறிகின்றாள். மதனைக் கொன்ற அஜய், தன் தாயின் மடியில் உயிர் துறக்கின்றான்.

மூலக்கதை

ஐரா லெவின் 1953 இல் எழுதிய 'எ கிஸ் பிஃபோர் டையிங்' என்ற ஆங்கிலப் புதினத்தைத் தழுவி இப்படத்தின் கதை அமைந்துள்ளது. புதினத்தில் கொலையாளி செல்வத்தை விரும்பியே சகோதரிகளை நெருங்குகின்றான். இந்தித் திரைப்படத்தில் அது குடும்பத்திற்காகப் பழிவாங்கலாக மாற்றப்பட்டது. இதனால் குற்றமற்ற பெண்ணைக் கொன்றவன் மீதும் பார்வையாளர்களுக்கு இரக்கம் தோன்றுகின்றது. கதாநாயகனே கொலையாளியாக வருவது அக்கால இந்தித் திரைப்படங்களில் அரிதாகும். இதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த டர் திரைப்படத்திலும் ஷாருக் கான் எதிர்மறை வேடத்தில் நடித்திருந்தார்.

இசை

இப்படத்திற்கு அனு மாலிக் இசையமைத்துள்ளார். குமார் சானு, அல்கா யாக்னிக், ஆஷா போஸ்லே, வினோத் ராத்தோட் முதலியோர் பாடியுள்ளனர்.

விருதுகள்

1994 பிலிம்பேர் விருதுகள்
- சிறந்த நடிகர் – ஷாருக் கான் (இப்பிரிவில் இவரது முதல் விருது)
- சிறந்த இசையமைப்பாளர் – அனு மாலிக்
- சிறந்த பின்னணிப் பாடகர் – குமார் சானு
- சிறந்த திரைக்கதை – ராபின் பட், ஆகாஷ் குரானா, ஜாவேத் சித்திக்கி

மறுவாக்கங்கள்

- தெலுங்கு – வேட்டகாடு (1995)
- தமிழ் – சாம்ராட் (1997)
- கன்னடம் – நாகரஹாவு (2002)

துணுக்குகள்

- ஷாருக் கானும் கஜோலும் இணைந்து நடித்த முதல் திரைப்படம் இதுவாகும். 1995 இல் வெளிவந்த தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே திரைப்படத்திலும் இவர்கள் இணைந்து நடித்தனர்.