புறத்தாரிடம் ஒப்படைத்த போர்: 1638ஆம் ஆண்டு மட்டக்களப்பு உடன்படிக்கை

ஒரு கருமத்தைத் தானே செய்வதா, அன்றிக் கூலியோ பங்கோ கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்விப்பதா என்னும் வினா இக்கால வணிக நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. முகாமைத்துவம் பயில்வோர் இன்று பெரிதும் ஆராயும் இவ்வினாவை அரசுகளும் தொன்றுதொட்டு எதிர்நோக்கி வந்துள்ளன. அவ்வகை முடிபுகளுள் ஈழ வரலாற்றையே திசைதிருப்பியதொன்று, நமது வாவிக் கரையில், 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுத்தில் இடப்பட்டது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை இலங்கையினின்றும் அகற்றும் பணியின் பெரும்பகுதியை ஒல்லாந்தரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையே அது. அம்முடிபு பிழையானதா, அன்றி அதனை நிறைவேற்றிய முறை பிழையானதா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அரசனது நிலையை நோக்குதல் வேண்டும். மலையும் காடும் அரணாக அமைந்த நாட்டிலே நிலப்போர் புரிவதில் கண்டியர் நிகரற்றவர். 1638ஆம் ஆண்டு மார்ச் மாதம் கன்னொறுவைப் போரில், தளபதி தியோகோ டி மெலோவையும் அவனது படையையும் அவர்கள் அழித்தமையே அதற்குச் சான்று. ஆயினும் கொழும்பு, காலி, நீர்கொழும்பு, யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய கரையோரக் கோட்டைகள் போர்த்துக்கேயர் வசமே இருந்தன. தரைவழியை அடைத்தாலும் கோவையிலிருந்து கடல்வழியே படையும் உணவும் அவற்றிற்கு வந்து சேரும். கண்டியரிடமோ போர்க்கப்பல்கள் இல்லை. கோட்டைமதிலை உடைக்கவல்ல பீரங்கி வலிமையும் போதாது. அவற்றைப் புதிதாகத் திரட்டுதற்குப் பல்லாண்டு செல்லும். தன்பால் இல்லாத ஆற்றலை அஃது உடையாரிடம் விலைக்குப் பெறுதல் சோம்பரன்று. தக்க காரணமுள்ள முடிபேயாம்.

இம்முயற்சி புதியதுமன்று. 1602ஆம் ஆண்டில் யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி சென்று, முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டான். அவன் பின் வந்த செபால்ட் டி வேர்ட் 1603இல் அரசனோடு பிணங்கிக் கொல்லப்பட்டமையால் அத்தொடர்பு அறுந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் இராசசிங்கன் அதனைப் புதுப்பித்தான்.

அவன் தெரிந்துகொண்ட ஒப்பந்தகாரரின் இயல்பும் கருதற்பாலது. 1602இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி வெறும் வணிகக் கூட்டன்று. படை திரட்டவும், கோட்டை கட்டவும், உடன்படிக்கை செய்யவும் ஒல்லாந்த நாட்டுப் பேரவையே அதற்கு உரிமை வழங்கியிருந்தது. அதன் நாட்டமெல்லாம் கறுவாவின் மேலேயே இருந்தது.

1638 மே மாதத்தில் ஆதாம் வெஸ்டர்வோல்டின் கப்பல்கள் மட்டக்களப்பை அடைந்தன; அரசனது படை தரைவழியே வந்து சேர்ந்தது. மே 18ஆம் நாள் புளியந்தீவுக் கோட்டை பணிந்தது. மே 23ஆம் நாள் உடன்படிக்கை முடிந்தது. அதன்படி போரின் செலவனைத்தையும் அரசன் கறுவா, மிளகு, மெழுகு முதலிய பொருள்களாகக் கொடுத்தல் வேண்டும். நாட்டின் வெளிவணிகமும் பெரும்பாலும் கம்பெனிக்கே உரியதாகும்.

இவ்வுடன்படிக்கையிலே மூன்று குறைகள் புலப்படுகின்றன. முதலாவது, இரு தரப்பாரிடமும் இருந்த படிகள் ஒன்றாயிருக்கவில்லை. கைப்பற்றிய கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது அரசன் விரும்பினாலன்றி ஆகாது என்னும் கருத்துடைய தொடர் அரசனது படியில் இருந்தது. ஒல்லாந்தர் படியில் அது காணப்படவில்லை. இரண்டாவது, செலவுக்கு எல்லை குறிக்கப்படவில்லை. கணக்கை எழுதியவரும் கடன் கேட்டவரும் ஒருவரே. மூன்றாவது, கடன் தீரும்வரை ஈடாகக் கோட்டைகள் கடன்கொடுத்தவர் கையிலேயே தங்கின.

விளைவுகள் விரைவில் தோன்றின. 1639இல் திருகோணமலையும் 1640இல் காலியும் வீழ்ந்தன. திருகோணமலையும் பின்னர் மட்டக்களப்பும் அரசனிடம் மீண்டன, காலி மீளவில்லை. கறுவா விளையும் தென்மேற்கின் வாயிலை விடுவதற்குக் கம்பெனி விரும்பாமையே அதன் உட்காரணம். 1644இல் ஒல்லாந்தர் அரசனை விலக்கிவைத்துத் தம் பகைவராகிய போர்த்துக்கேயருடனேயே போர்நிறுத்தம் செய்தனர். மீண்டும் மூண்ட போரில் 1656ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பு பணிந்தபோது, அரசனுக்கு அந்நகரின் கதவுகள் திறக்கப்படவில்லை. 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1660களில் கிழக்குத் துறைமுகங்களையும் அவர்கள் திரும்பக் கைப்பற்றினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் கண்டிக்குத் தன்னுடையதெனக் கடற்கரையே இல்லாதாயிற்று. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் பழமொழியாக இதனைச் சொல்வர்.

ஒல்லாந்தரின் வஞ்சனையே இவையனைத்திற்கும் காரணம் என்பாரும் உளர். வஞ்சனை இருந்தது உண்மை. ஆயின் அது பலித்தற்கு இடம் எங்கே கிடைத்தது என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினா. நம் வயல்வெளியையே எடுத்துக்கொள்வோம். போடியார் வேளாண்மையை முல்லைக்காரனிடம் ஒப்படைப்பார். உழவும் விதைப்பும் காவலும் அவன் பொறுப்பு. ஆனால் நெல் அளக்கும் நாளிலே களத்துக்குப் போகாத போடியார் உளரோ? வேலையைக் கொடுக்கலாம், அளவைக் கொடுத்தலாகாது. இராசசிங்கனோ வேலையோடு அளவையும், அளவோடு திறப்பையும் கொடுத்துவிட்டான். ஒரு கப்பற்படையை விட்டால் வேறொன்று அவனுக்குக் கிடைக்காமையால், பிணக்கு நேர்ந்தபோது விலகுதற்கும் வழியில்லை.

எனினும் அவனை முற்றாகப் பழித்தல் நீதியன்று. போர்த்துக்கேயரை அகற்றல் வேண்டும் என்னும் அவன் நோக்கம் நிறைவேறியது. அவன் 1687வரை அரசாண்டான். கண்டியரசும் 1815வரை நிலைத்தது. முடிபு பொருத்தமானதே, அதன் நிபந்தனைகளே அதனைக் கெடுத்தன.

திருக்குறளில் ஒருவரைத் தெளிதல் பற்றிய அதிகாரம் 51ஆவதாகவும், தெளிந்தவரை வினையில் ஏவுதல் பற்றிய அதிகாரம் 52ஆவதாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவ்விரண்டும் வேறுவேறு கடமைகள் என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகின்றது. இன்று கணக்கையும் காவலையும் உற்பத்தியையும் பிறரிடம் ஒப்படைக்கும் நிறுவனங்கள் பலவாகப் பெருகியுள்ளன. அவற்றிலே பணிபுரியச் செல்லும் நம் மாணவர், உடன்படிக்கையின் இரு படிகளையும் ஒப்புநோக்கிய பின்னரே கையொப்பம் இடுவாராக. புளியந்தீவுக் கோட்டைச் சுவர் நமக்கு உணர்த்தும் பாடம் அதுவே.