கழலாத நட்டுக்கும் ஒரு சரித்திரம்

பழைய காரைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது ஏதாவது ஒரு நட்டு அசையாமல் அடம்பிடிக்கும். பழி துருவின் மேல் விழும். துருவுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் பல நேரம் முதல் குற்றவாளி ஸ்பானர். அதற்குப் பின்னால் இருப்பது மரையின் சரித்திரம். (நம்மூரில் ஆளுக்கு மரை கழல்வது வேறு கதை!)

1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்துக்கு ஒரு பொது மரை அளவைக் கொடுத்தார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொன்றைச் சொன்னார். ஐரோப்பா மில்லிமீட்டரில் போனது. இரண்டாம் உலகப் போரில் ஒருவர் போல்ட்டு இன்னொருவர் நட்டில் ஏறாமல் திண்டாடிய பிறகு, 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரு கூட்டு மரைக்கு ஒப்புக்கொண்டன. அம்பாசடரின் 1489 சிசி என்ஜின் இந்தக் கூட்டு மரையில் வந்தது.

இதில் பெரிய வேடிக்கை மாரிஸ் கம்பெனி. 1923-இல் அது கோவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியின் என்ஜின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கிருந்த இயந்திரங்கள் எல்லாம் மில்லிமீட்டர். மாற்றினால் பெரிய முதலீடு. அதனால் மரையை அப்படியே விட்டுவிட்டு, போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் ஸ்பானருக்குப் பொருந்தும்படி செய்தார்கள். கணக்குப் புத்தகத்தில் லாபம். அதன் செலவோ பின்னால் வந்த மெக்கானிக்குகளின் தலையில்! மாரிஸ் டென் காரைத் தழுவிய நம் ஹிந்துஸ்தான் 10-க்கும் இதே வம்சம்தான்.

லாரித் தொழில் வேரூன்றிய நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. 1954-இல் வந்த டாடா-மெர்சிடிஸ் பென்ஸ் ஜெர்மன் மில்லிமீட்டர். எண்ணூரின் லேலண்ட் ஆங்கிலேய அங்குலம். இரண்டும் ஒரே பட்டறை வாசலில் நின்றன.

அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 ஸ்பானர் மாட்டும், ஆனால் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். லேசாக இறுகிய நட்டில் பலத்தைக் காட்டினால் முனை மழுங்கிவிடும். அதன் பிறகுதான் அது உண்மையிலேயே "கழலாத" நட்டு.

துரு, தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும்; அதனால்தான் மரைக்குள் ஆப்பு அடித்ததுபோல் இறுகுகிறது. ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, சுத்தியலால் தட்டி, முதலில் துளி இறுக்கிப் பிறகு கழற்றுவது பழைய முறை. அசையாவிட்டால் கேஸ் வெல்டிங் சூடு. சூட்டை நட்டுக்குக் காட்ட வேண்டும், போல்ட்டுக்கு அல்ல. நட்டு விரிந்தால்தான் பிடி விடும். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் பக்கத்தில் இந்த வேலையே கூடாது.

போல்ட்டின் தலை முறிந்துபோனால், மிச்சமுள்ள துண்டின் மேல் வேறொரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்புவார்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். அதுவும் பலிக்காவிட்டால் துளைபோட்டு எடுத்து, மறுபடி டேப் விட வேண்டும். அங்கேதான் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும்: ஹிந்துஸ்தான் 10-இன் பிளாக்கில் அங்குல டேப்பை ஓட்டினால் பழைய மரையும் போய்விடும். மாற்று பிளாக் லேசில் கிடைக்காது.