மூட்டைப்பூச்சி மேல் போட்ட பழி

ஆராய்ச்சிக் குறிப்பு எழுத மூட்டைப்பூச்சிதான் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கேளுங்கள், பரவாயில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பூச்சியை வைத்து நம்ம மதராசில் ஒரு பெரிய மருத்துவ விவாதமே நடந்திருக்கிறது. கிண்டி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் மூட்டைப்பூச்சியின் குடலை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு, இன்று நம் வீட்டில் ஒரு பூச்சியைக் கண்டதும் மருந்து வாங்க ஓடுகிறோமே, அதைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

முதலில் ஒரு பழைய கதை. பஞ்சதந்திரத்தில் வருவது. ராஜாவின் படுக்கையில் ஒரு பேன் வெகுநாளாகக் குடியிருக்கிறது. ராஜா அசந்து தூங்கிய பிறகுதான் கடிக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. அங்கே விருந்தாளியாக ஒரு மூட்டைப்பூச்சி வந்து சேர்கிறது. 'அவசரப்படாதே, தூங்கட்டும்' என்று பேன் சொல்லியும் கேட்காமல் சுருக்கென்று கடித்துவிடுகிறது. ராஜா துள்ளி எழுகிறார், சேவகர்கள் விளக்கோடு தேடுகிறார்கள். மூட்டைப்பூச்சி கட்டில் சந்துக்குள் போய் ஒளிந்துகொள்ள, துணி மடிப்பில் இருந்த பேன் மாட்டிக்கொண்டு சாகிறது.

கடித்தது ஒன்று, அடிபட்டது இன்னொன்று. மதராசில் நடந்தது இதே கதைதான், ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே பழி விழுந்தது மூட்டைப்பூச்சி மேல்.

மதராசில் ஒரு சந்தேகம்

காலா அசார் என்று ஒரு நோய். விட்டுவிட்டுக் காய்ச்சல், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால் தள்ளும், உடம்பு இளைத்துக்கொண்டே போகும், தோல் கறுத்துப்போகும். வைத்தியம் செய்யாவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். அஸ்ஸாம், வங்காளம் பக்கம் ஊர் ஊராகக் காலி செய்த நோய் இது. மதராசிலும் ஜார்ஜ் டவுன் பகுதியிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள்.

இதற்குக் காரணமான ஒட்டுண்ணியை 1903-இல் இரண்டு பேர் தனித்தனியாக அறிவித்தார்கள். ஒருவர் வில்லியம் லெய்ஷ்மன். கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம்மிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாயின் மண்ணீரலில் பார்த்தவர். இன்னொருவர் மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இருந்த சார்லஸ் டோனவன். கொசு-மலேரியா புகழ் ரொனால்டு ராஸ் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து 'லெய்ஷ்மேனியா டோனவானி' என்று அதே வருஷம் பெயர் வைத்தார்.

கிருமி தெரிந்துவிட்டது. அது ஒருத்தர் உடம்பிலிருந்து இன்னொருத்தருக்கு எப்படிப் போகிறது? மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ராஸ் காட்டி ஆறேழு வருஷம்கூட ஆகாத காலம். அதனால் எல்லோரும் கடிக்கிற பூச்சியைத்தான் தேடினார்கள். ராத்திரியில் கடிக்கும், வீட்டுக்குள்ளேயே இருக்கும், ஏழை வீடுகளில் நிறைய இருக்கும். இந்த மூன்றுக்கும் பொருந்தி நின்றது மூட்டைப்பூச்சி.

1904-இல் கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் ஒரு முக்கியமான சோதனை செய்தார். நோயாளியின் மண்ணீரல் ரத்தத்தை உடம்புச் சூட்டைவிடக் குறைந்த வெப்பத்தில் வைத்தால், உருண்டையாக இருக்கும் ஒட்டுண்ணி வால் முளைத்து நீந்த ஆரம்பிக்கிறது என்று கண்டார். ஏதோ ஒரு பூச்சியின் உடம்பில் இது நடக்கிறது என்பதற்கு அது நல்ல தடயம். ராஜர்ஸின் சந்தேகமும் மூட்டைப்பூச்சி மேல்தான்.

இந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு மதராசில் கேப்டன் வால்டர் ஸ்காட் பாட்டன் இறங்கினார். பின்னாளில் எஃப். டபிள்யூ. கிராக் என்பவரோடு சேர்ந்து 1913-இல் மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பெரிய பாடநூல் எழுதியவர். நோயாளிகள் மேல் மூட்டைப்பூச்சிகளைக் கடிக்கவிட்டு, பிறகு அறுத்துப் பார்த்தார். பூச்சியின் குடலுக்குள் ஒட்டுண்ணி வால் முளைத்து வளர்ந்திருந்தது. 1907-லும் 1908-லும் அறிக்கைகள் வெளியிட்டார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இதே திசையில் வேலை நடந்தது. ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்த டோனவனோ வேறொரு மூட்டு ரத்தம் உறிஞ்சியைச் சந்தேகித்தார்: கொனோரைனஸ் என்று அன்று பெயர் வைத்திருந்த பெரிய வகை ஒன்று.

இதுல ஓட்டை எங்கே என்றால், ராஜர்ஸ் கண்ணாடிக் குழாயில் வைத்தபோதே ஒட்டுண்ணி வால் முளைத்ததே! வெப்பம் குறைந்தால் அது அப்படித்தான் மாறும். மூட்டைப்பூச்சியின் குடலும் ஒரு கண்ணாடிக் குழாய் மாதிரிதான் வேலை செய்திருக்கிறது. உள்ளே வளர்வது வேறு, அடுத்த ஆளைக் கடிக்கும்போது வெளியே வருவது வேறு. இரண்டாவதை யாராலும் காட்ட முடியவில்லை. டெஸ்ட் மெஷினில் ஓடுகிறதே, அப்புறம் என்ன என்று என் துறையில் சொல்கிற கதைதான்.

உண்மையான ஆள்

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் ஒரு முறை பலன் கொடுத்தது. நோய் கண்ட கூலி லைன்களைக் கைவிட்டுவிட்டு, சில நூறு கெஜம் தள்ளிப் புது லைன் கட்டி, நோயில்லாதவர்களை அங்கே குடியேற்றினார்கள். நோய் கூடவே வரவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் என்று நாம் கேலியாகச் சொல்வோம். இங்கே வீட்டையே விட்டுவிட்டு வந்தது வேலை செய்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சிதான் காரணம் என்றால் பாய், தலையணை, தட்டுமுட்டுச் சாமானோடு அது புது வீட்டுக்கும் வந்திருக்குமே? சில நூறு கெஜம்கூடத் தாண்ட முடியாத, மூட்டையில் ஏறியும் வராத ஏதோ ஒன்று பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

அது மணல் ஈ. கொசுவைவிடச் சின்னது, இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பறப்பதைவிடத் தத்துவது அதிகம். மண்சுவர் வெடிப்பு, மாட்டுத் தொழுவத்து ஈரம், இருட்டு மூலை எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். 1920-களின் நடுவில் ஜே. ஏ. சின்டன் இந்திய வரைபடத்தில் காலா அசார் உள்ள பகுதிகளையும், ஃப்ளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ் என்ற மணல் ஈ உள்ள பகுதிகளையும் பொருத்திப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. 1924-இல் கல்கத்தாக்காரர்கள் அந்த ஈயின் குடலில் ஒட்டுண்ணி வளர்வதையும் பார்த்தார்கள்.

அப்போதும் கடியின் வழியாகப் பரவுகிறது என்று நிரூபிக்க 1942 வரை ஆனது. ஸ்வாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும், தாமாக முன்வந்த ஐந்து பேரை நோய் ஏற்றிய மணல் ஈக்களைக் கொண்டு கடிக்கவிட்டார்கள். அவர்களுக்கு நோய் வந்தது. வழக்கு முடிந்தது. பாட்டனின் முதல் அறிக்கையிலிருந்து எண்ணினால் 35 வருஷம்.

அறிவியல் இப்படித்தான் தடுக்கித் தடுக்கிப் போகும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 35 வருஷத்தில் எத்தனை பேர் மூட்டைப்பூச்சியைத் தேடிக்கொண்டு மணல் ஈயோடு ஒரே அறையில் படுத்திருப்பார்கள்! இரண்டும் ஒரே சுவர் வெடிப்பில் ஒளிகிற பூச்சிகள்தான்.

டிடிடி கொண்டுவந்த இலவச இணைப்பு

அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பூச்சிக்கும் சேர்த்து அடி விழுந்தது, அதுவும் வேறொரு பூச்சிக்காக.

டிடிடி என்ற வேதிப்பொருளை 1874-லேயே தயாரித்துவிட்டார்கள். அது பூச்சியைக் கொல்லும் என்று சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939-இல்தான் கண்டுபிடித்தார். 1948-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இந்தியாவில் 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பித்தது, 1958-இல் அதுவே ஒழிப்புத் திட்டமானது. பம்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வீட்டு உள்சுவரில் டிடிடி அடித்து, அடித்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள். கடித்துவிட்டுச் சுவரில் போய் உட்காரும் கொசு சாக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். சுதந்திர சமயத்தில் வருஷத்துக்கு ஏழரைக் கோடி பேருக்கு மலேரியா என்பது அன்றைய மதிப்பீடு. 1960-களின் நடுவில் அது சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது.

மக்கள் கதவைத் திறந்துவிட்டதற்குக் காரணம் மலேரியா மட்டுமில்லை. மலேரியா குறைந்தது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். மூட்டைப்பூச்சி செத்து விழுந்திருப்பது மறுநாள் காலையிலேயே தெரியும்! சுவர்ச் சந்தில் இருந்து கட்டிலுக்கு நடந்து வரும் பூச்சி டிடிடி மேலே நடந்துதானே வர வேண்டும்? மணல் ஈயும் அதே சுவரில்தான் செத்தது. காலா அசாரும் கூடவே அடங்கிப்போனது.

இலவசமாக வந்தது இலவசமாகவே போனது. ஹவாய் தீவில், பேர்ல் ஹார்பர் கடற்படைக் குடியிருப்பில், டிடிடிக்குச் சாகாத மூட்டைப்பூச்சியை 1947-லேயே பார்த்துவிட்டார்கள். பிறகு பல நாடுகளில் அதே கதை. மருந்து பட்ட பூச்சி சாகாமல் எரிச்சல்பட்டு வெளியே ஓடி வர, 'மருந்தடித்த பிறகுதான் மூட்டைப்பூச்சி ஜாஸ்தியாச்சு' என்று ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். அதனால் மலேரியா வேலையும் கெட்டது. மலேரியா குறைந்த இடங்களில் டிடிடி அடிப்பதை நிறுத்தியபோது, 1970-களில் பீகாரில் காலா அசார் பெரிய அளவில் திரும்பி வந்தது.

இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. டிடிடி பூச்சியின் நரம்பில் உள்ள சோடியம் வாசலைத் தாக்குகிறது. இன்று கொசுவர்த்திச் சுருளிலும், வீட்டு ஸ்ப்ரேயிலும் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகளும் தாக்குவது அதே வாசலைத்தான். நம் தாத்தா காலத்து டிடிடியைத் தாங்குவதற்காக அந்த வாசல் மாறிய பூச்சிக்கு, இன்றைய ஸ்ப்ரேயும் பாதிப் பழக்கமான ஆள். கடந்த 25 வருஷத்தில் உலகம் முழுக்க மூட்டைப்பூச்சி திரும்பி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று நம் வீட்டில்

இந்த வரலாற்றிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: மருந்துக்கு முன்னால் அடையாளம்.

தடிப்பைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கொசுக்கடி, ஒவ்வாமை எல்லாமே ஒரே மாதிரி சிவக்கும். சிலருக்கு மூட்டைப்பூச்சி கடித்தாலும் தடிப்பே வராது. பூச்சியைத் தேடுங்கள். வளர்ந்தது நாலைந்து மில்லிமீட்டர், தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். ரத்தம் குடித்தால் உப்பும். பறக்காது, குதிக்காது. மெத்தைத் தையல், கட்டில் மூட்டு, ஆணி ஓட்டை, சுவிட்ச் பலகைக்குப் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். பேனா மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள், உரித்துப் போட்ட மெல்லிய தோல், ஒட்டிய வெள்ளை முட்டை இருந்தால் அதுதான். ஈரப் புத்தகத்தில் ஓடும் வெளிர்நிறப் பொடிப்பூச்சியும், கரப்பான் குஞ்சும் வேறு; அவை ரத்தம் குடிக்காது.

மூட்டைப்பூச்சிதான் என்று தெரிந்தாலும் பதற வேண்டாம். அது மனிதர்களிடையே நோய் பரப்புவதாக இன்றுவரை நிரூபணம் இல்லை. மதராஸ் வழக்கிலும் அதற்கு விடுதலைதான். தூக்கம் கெடும், அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும்.

பயத்தில் எடுக்கும் மருந்துதான் உயிரை எடுக்கிறது. தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைத்து, அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயுவால் ஆட்கள் இறந்த செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்த மாத்திரை எந்தப் பூச்சிக்காகவும் படுக்கையறைக்குள் வரக் கூடாது. கட்டிலில் மண்ணெண்ணெய் பூசுவது தீயோடு விளையாட்டு. அறை முழுக்கப் புகை அடித்தால் சந்துக்குள் இருப்பதை அது தொடாது.

வேலை செய்வது சூடு. 50 டிகிரிக்கு மேல் சூடு உள்ளே வரை நின்றால் பூச்சியும் முட்டையும் சாகும். துணி, போர்வை, தலையணை உறையை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கட்டிலைப் பிரித்து மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுங்கள், அல்லது நீராவி காட்டுங்கள். வெயிலில் சும்மா போட்டால் அது நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளும். கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் போட்டால் சூடு ஏறும். பிறகு சந்துகளை அடையுங்கள். ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள், தப்பிய முட்டை பொரிந்திருக்கும்.

பாட்டிமார்கள் கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டு, தட்டி உதறி, மூட்டில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவார்கள். டிடிடியைத் தாங்கும் மூட்டைப்பூச்சி வந்தது, பைரித்ராய்டைத் தாங்குவதும் வந்தது. கொதிநீரைத் தாங்குவது இன்னும் வரவில்லை.