டிப்போ ஜோடிகள்

டேட்டிங் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். மூன்றாவது மெசேஜிலேயே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பவர்களிடம் பேசிப் பேசி அலுத்துப்போச்சு, அவ்வளவுதான். புக்கிட் ரோத்தானில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே நம்ம வழக்கப்படி பார்ப்போம்லா" என்கிறார். கோல சிலாங்கூர் தோட்டங்களில் இந்த 'நம்ம வழக்கம்' எவ்வளவு பழையது?

இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில், தென்னமரம் எஸ்டேட்டில், 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே செம்பனை நட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது, ஆனால் லயங்களில் தமிழ்ப் பெண்கள் குறைவு. மலாயா இந்தியர்களில் 1000 ஆண்களுக்கு 1921இல் 406 பெண்கள், 1931இல் 482. சொந்தபந்தம், முறைப்பெண் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். கங்காணி தன் ஊர், தன் சாதி ஆட்களைத்தான் பெரும்பாலும் திரட்டினார் என்றாலும், சாதிக்குள்ளேயே பெண் கிடைப்பது பலருக்கு நடக்காத காரியம்.

1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. தனி ஆண்களாகக் கப்பலேற்றுவதற்கு அதன் விதிகள் வரம்பு வைத்தன. மலாயாவுக்கு விலக்கு வாங்கினார்கள், அது தனிக்கதை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த டிப்போக்களில் முன்பின் தெரியாத ஓர் ஆணையும் பெண்ணையும் புருஷன் பெண்டாட்டி என்று பதிவேட்டில் எழுதினார்கள். 'டிப்போ கல்யாணம்' என்று அதற்குப் பெயரே இருந்தது. அல்காரிதம் வேலையைக் கங்காணி பார்த்தார் என்று சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் கங்காணிக்கு ஆள் கணக்கில் கமிஷன் உண்டு.

வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெண்களைத்தான் பின்தொடர்கிறார். அவர்கள் வெறுமனே ஏமாந்தவர்கள் இல்லை. ஊரைவிட்டுத் தப்பிக்க அந்த ஜோடிப் பதிவைத் தெரிந்தே பயன்படுத்தியவர்களும் உண்டு. சில ஜோடிகள் கடைசிவரை வாழ்ந்தன, சில கரை இறங்கியதும் பிரிந்தன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தப் பிரிவுதான். இருபதுகளின் கடைசியில் நிர்ணயித்த கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. குறைவுதான், ஆனாலும் அவள் கையில் வந்த கூலி. பெரட்டில் அவள் பெயரையும் தனியாகக் கூப்பிட்டார்கள். பிடிக்காதவனை விட்டு அடுத்த லயத்துக்கோ அடுத்த தோட்டத்துக்கோ போக அது போதுமாக இருந்தது.

துரைமார்களின் குறிப்புகளில் இவள் 'ஒழுக்கம் கெட்டவள்'. சட்டத்திலோ அவள் ஆளே இல்லை. தண்டனைச் சட்டம் 498ஆம் பிரிவின்படி, இன்னொருவன் மனைவியைத் தகாத நோக்கத்தோடு கூட்டிப்போகிறவன் குற்றவாளி, புருஷன் பாதிக்கப்பட்டவன். அவளாக நடந்துபோயிருக்கலாம் என்ற எண்ணமே அதில் கிடையாது. மாடு பிடித்துக்கொண்டு போன வழக்கு மாதிரி. கங்காணி எழுதிவைத்த ஜோடியில் அவள் யாருக்கு 'மனைவி' என்று கேட்டால் பதில் சொல்வதும் கஷ்டம்.

மெர்டேக்காவுக்குப் பிறகும் அந்தப் பிரிவு அப்படியே கிடந்தது. மனைவியை இழந்த புருஷனுக்கு மட்டும் உரிமை, புருஷனை இழந்த மனைவிக்கு இல்லை என்பது பாலினப் பாகுபாடு என்று சொல்லி, கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2023 டிசம்பரில்.