பாடகர் மறைந்தபின் பாடுவோர்: பிரிஸ்டல் கால்பந்து அரங்கும் காஞ்சிக் கட்டைக்கூத்தும்

முன்னுரை

நாட்டார் பாடகர் மறைந்தபின் அவர்தம் பாடல் எவரிடம் வாழ்கிறது? இவ்வினாவை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் கால்பந்து அரங்கையும் காஞ்சிபுர வட்டாரக் கூத்துக்களத்தையும் ஒப்புநோக்கி இக்கட்டுரை ஆராய்கிறது.

அரங்கின் பாடல்

சாமர்செட் வட்டார வழக்கில் பாடிய ஆட்ஜ் கட்லர் (1930–1974), ஆப்பிள் மதுவைப் போற்றும் பாடலொன்றை 1966இல் பதிவுசெய்தார். 1974இல் கார் விபத்தில் இறந்தார். அப்பாடலைப் பிரிஸ்டல் சிட்டி அணியின் ஆதரவாளர்கள் ஆஷ்டன் கேட் அரங்கில் தமதாக்கிக்கொண்டனர். அங்குப் பாடுவதற்குப் பயிற்சி தேவையில்லை. கூட்டத்தில் நின்று கேட்டவரே அடுத்துப் பாடுபவராகிறார்.

களத்தின் பாடல்

காஞ்சி வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவு முழுவதும் கூத்தும் நிகழ்கின்றன. நடிகரே பாடுவார்; பின்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவார்; ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் துணைநிற்கும். மக்களின் குரல் ‘கோவிந்தா’ என்னும் முழக்கமாக எழுமேயன்றிப் பாடலாக எழுவதில்லை. எனவே, இங்குப் பாடலின் வாழ்வு மாணாக்கரைச் சார்ந்துள்ளது. பெருங்கட்டூர் இராசகோபால் முதலியோர் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். பள்ளிக் கல்வியோடு கூத்தும் பயிற்றிய குருகுலம் 2002இல் தொடங்கியது. சிறுமியரும் அதில் பயின்றனர். அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது.

முடிவுரை

கட்லரின் பாடலைத் திரளே காக்கிறது. கூத்துப் பாடலை ஆசிரியர் – மாணவர் தொடர்பு காக்கிறது. ஒலிப்பதிவு பாடலைக் காக்கும், பாடுவோரை உருவாக்காது. ஆகவே, கூத்தாய்வு பனுவல் தொகுப்போடு நின்றுவிடாமல், இன்று பின்பாட்டுக் கற்போர் எவரென்பதையும் ஊர்தோறும் பதிவுசெய்தல் வேண்டும்.