கார் உலர்த்தலின் வரலாறு: தோல்துண்டிலிருந்து காற்றூதி வரை

கழுவி முடித்த காரின் மேல் எஞ்சும் நீரை மின்மோட்டாரின் வேகக் காற்றால் தள்ளி அகற்றும் கருவி, பேச்சு வழக்கில் புளோயர் என்றும் எழுத்து வழக்கில் காற்றூதி என்றும் குறிக்கப்படுவது, அண்மைப் பத்தாண்டுகளில்தான் வீட்டு வாசலுக்கு வந்தது என்றாலும், அது தீர்க்க முனையும் சிக்கல் மோட்டார் வாகனத்தைவிடப் பழையது. வண்டியின் மேற்பூச்சு எதனால் ஆனது, கழுவும் நீரில் என்ன கரைந்திருக்கிறது, துடைக்கும் வேலையை யார் என்ன கூலிக்குச் செய்கிறார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் காலந்தோறும் கிடைத்த விடைகளே உலர்த்தும் கருவியையும் மாற்றி வந்திருக்கின்றன. இக்கருவியை இன்று வாங்குவது தகுமா என்ற கேள்வியையும் அந்த மூன்றின் வழியாகவே அணுக வேண்டியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்வர் வீட்டுக் குதிரை வண்டிகளுக்கு, ஆளி விதை எண்ணெயோடு கோப்பல் எனப்படும் மரப்பிசினைச் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷ் பல அடுக்குகளாகப் பூசப்பட்டது. ஒவ்வொரு அடுக்கும் காய்ந்து, தேய்க்கப்பட்டு, அதன்மேல் அடுத்தது ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆனமையால், வண்டியின் விலையில் அந்தப் பளபளப்புக்கும் கணிசமான பங்கு இருந்தது. ஆனால் அந்த வார்னிஷின்மேல் நீர் தானாகக் காய்ந்தால் வெண்புள்ளியோ கறையோ படிந்துவிடும். எனவே, வண்டியைக் கழுவிய கையோடு பகுதி பகுதியாகத் துடைத்துவிட வேண்டும், ஓரிடத்திலும் ஈரத்தைக் காய விடக்கூடாது என்பது வண்டிக்கொட்டகைப் பணியாளருக்குக் கற்பிக்கப்பட்ட அடிப்படை விதிகளில் ஒன்றாயிற்று. அவ்வாறு துடைக்க அவர்கள் பயன்படுத்தியது ஷாம்வா தோல்.

ஷாம்வா என்பது ஆல்ப்ஸ் முதலிய ஐரோப்பிய மலைகளில் வாழும், வரையாட்டை ஒத்த காட்டு விலங்கு. தொடக்கத்தில் அதன் தோலிலிருந்து செய்யப்பட்ட இத்துண்டு, பின்னர் பெரும்பாலும் செம்மறியாட்டுத் தோலை இரண்டாகப் பிளந்து, அதன் உட்புற அடுக்கிலிருந்து செய்யப்பட்டது. தோலை மரப்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ பதப்படுத்தாமல், காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெயை அதில் ஊற வைத்து, அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து நாரோடு பிணையும்வரை பல நாள் தொங்கவிடுவது இதன் செய்முறை. இவ்வாறு பதப்பட்ட தோல், தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும், பிழிந்தால் விட்டுவிடும், காய்ந்தபின் விறைத்தாலும் நனைத்ததும் மீண்டும் மென்மையாகும். நாட்கணக்கில் நீளும் இந்த எண்ணெய்ப் பதனத்தை விரைவுபடுத்தும் வழிகளைச் சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் ஆராய்ந்திருக்கின்றனர் என்பது, இந்தப் பழைய பொருளுக்கு இன்றும் சந்தை இருப்பதைக் காட்டுகிறது.

தொடக்ககால மோட்டார் கார்கள் குதிரை வண்டிப் பட்டறைகளின் வார்னிஷையே பெற்றன. அதனால் தோல்துண்டும் அவற்றோடு சேர்ந்தே வந்தது. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஓக்லண்ட் கார்களுக்கு டியூபாண்ட் நிறுவனத்தின் டியூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, வாரக்கணக்கில் நீண்ட பூச்சு வேலை மணிக்கணக்கில் முடிந்தது. கார் மலிவாகிப் பெருகப் பெருக, தனிப் பணியாளர் வைத்துக் கழுவும் வசதியில்லாத உரிமையாளர்களின் எண்ணிக்கையும் பெருகியது. முன்பே தலைகாட்டியிருந்த கார் கழுவும் தொழில் அவர்களை நம்பி வளர்ந்தது.

அந்தத் தொழிலின் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது, ஃபிராங்க் மெக்கார்மிக், ஜே. டபிள்யூ. ஹிங்கிள் என்னும் இருவர் 1914இல் டெட்ராய்ட் நகரில் திறந்த ‘ஆட்டோமொபைல் லாண்டரி’ ஆகும். ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் உற்பத்தி வரிசை ஏற்பட்டதற்கு மறு ஆண்டே, அதே சூழலில் உருவான இந்நிலையத்தில், கார்கள் கையால் தள்ளப்பட்டு, ஒருவர் சோப்பு போட, அடுத்தவர் அலச, மூன்றாமவர் உலர்த்த என வேலை பிரிக்கப்பட்டிருந்தது. 1940இல் கலிபோர்னியாவின் ஹாலிவுட்டில் காரை இழுத்துச் செல்லும் விஞ்சு வந்தது. 1951இல் சியாட்டிலில் ஆண்டர்சன் சகோதரர்கள், சோப்புத் தெளிப்பான், சுழலும் தூரிகை, பெரிய காற்றூதி ஆகியவற்றை ஒரே வரிசையில் அமைத்து, மனிதக் கை படாமல் கார் வெளிவரும் நிலையத்தை நடத்தினர். வீட்டில் இன்று பயன்படும் கருவியின் மூத்த வடிவத்தை இந்த நிலையத்தின் கடைசிப் பகுதியில் காணலாம்.

ஆயினும், சோப்பும் தூரிகையும் இயந்திரமயமான வேகத்தில் உலர்த்தல் இயந்திரமயமாகவில்லை. நிலையான காற்றூதி காரின் கூரையையும் பக்கங்களையும் ஓரளவு உலர்த்தினாலும், பக்கக் கண்ணாடியின் உட்குழி, கதவின் கைப்பிடி, பெட்ரோல் மூடி, விளக்குகளின் விளிம்பு ஆகிய இடங்களில் ஒளிந்த நீரைத் துணி பிடித்த ஆட்களே எடுக்க வேண்டியிருந்தது. 1976இல் மைக்கேல் ஷுல்ட்ஸ் இயக்கிய ‘கார் வாஷ்’ திரைப்படம் லாஸ் ஏஞ்சல்ஸ் நிலையமொன்றின் ஒரு நாளை அத்தகைய தொழிலாளர்களை மையமாக வைத்துச் சொல்கிறது. அவர்களில் பலர் குறைந்தபட்சக் கூலிகூடப் பெறாத நிலை நீடித்ததால், கார் கழுவும் நிலையங்களைப் பதிவு செய்யவும் கூலியைப் பாதுகாக்கவும் 2003இல் கலிபோர்னியா தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. துடைக்கும் கை மலிவாகக் கிடைத்தவரை, அதற்கு மாற்றான கருவியைத் தேட நிலைய முதலாளிகளுக்கு அவசரம் இருக்கவில்லை.

மாற்றத்தைத் தூண்டியது மீண்டும் பூச்சுதான். 1980களில், நிறத்தைத் தரும் அடிப்பூச்சின்மேல் நிறமற்ற ஒளிபுகும் பூச்சை ஏற்றும் முறை உலகெங்கும் வழக்கமாயிற்று. கிளியர் கோட் எனப்படும் இந்த மேலடுக்கு ஆழமான பளபளப்பைத் தந்தாலும், அதன் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரைதான். அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கழுவியபின் எஞ்சிய ஒரு மணல் துகள் துணிக்கு அடியில் சிக்கி இழுபட்டால் மெல்லிய கீறல் விழும். அத்தகைய ஆயிரக்கணக்கான கீறல்கள் வெயிலில் ஒளிப் பிரதிபலிப்பைச் சுற்றிய வட்டச் சிலந்திவலையாகத் தெரியும். கறுப்பு, கருநீலம் முதலிய அடர் நிறங்களில் இது உடனே கண்ணில் படும். வெள்ளையிலும் வெள்ளி நிறத்திலும் எளிதில் தெரியாது. வழவழப்பான ஷாம்வா தோலில் துகள் உள்வாங்கிக்கொள்ள இழைகள் இல்லாததால், அது பூச்சோடு ஒட்டி இழுபடுகிறது என்ற குறை இக்காலத்தில்தான் பெரிதாகப் பேசப்பட்டது.

இக்குறைக்குக் கிடைத்த முதல் விடை ஜப்பானிலிருந்து வந்தது. டோரே நிறுவனத்தின் மியோஷி ஒகாமோட்டோ 1970இல் உருவாக்கிய மிக நுண்ணிய செயற்கை இழைத் தொழில்நுட்பம், முதலில் செயற்கை மெல்தோலாக ஆடை உலகில் நுழைந்து, பின்னர் மைக்ரோஃபைபர் துணியாகத் துப்புரவுப் பணிக்கு வந்தது. பாலியெஸ்டரும் நைலானும் சேர்ந்த இழை பல கூறுகளாகப் பிளக்கப்படுவதால், கூறுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிடைவெளிகள் நீரை இழுத்துப் பிடிக்கின்றன. நீண்ட குஞ்சமுள்ள துணியில் துகள்களும் பூச்சிலிருந்து விலகி உள்ளே செல்கின்றன. விலை குறைந்த, மின்சாரம் வேண்டாத இந்தத் துணியே இன்றுவரை காற்றூதியின் உண்மையான போட்டியாளர்.

இரண்டாம் விடை, பூச்சைத் தொடாமலே உலர்த்துவது. இதற்கான மோட்டார் வேக்குவம் கிளீனரின் வழியாக வந்தது. 1901இல் இலண்டனின் எம்பயர் அரங்கில், தூசியைக் காற்றால் ஊதித் தள்ளும் அமெரிக்கக் கருவியொன்றின் செயல்விளக்கத்தைக் கண்ட ஹியூபர்ட் செசில் பூத், ஊதுவதற்கு மாறாக உறிஞ்சும் கருவியை உருவாக்கினார். தூசிக்கு உறிஞ்சலே சரியான வழி என்று நிலைபெற்றாலும், பின்னர் வந்த வேக்குவம் கிளீனர்களின் அதிவேக மோட்டாரின் மறுமுனையில் வெளியேறும் காற்று தனிப்பயனாகத் தொடர்ந்தது. அமெரிக்காவில் 1939 முதல் இயங்கும் மெட்ரோபாலிடன் வேக்குவம் கிளீனர் நிறுவனம், நாய் முதலிய வளர்ப்புப் பிராணிகளின் உரோமத்தை உலர்த்தும் ஊதிகளையும், பின்னர் கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கான உலர்த்திகளையும் விற்றது, இந்தத் தொடர்ச்சிக்குச் சான்று.

கார் உலர்த்தி கூந்தல் உலர்த்தியின் பெரிய வடிவம் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், இரண்டின் இயக்கக் கோட்பாடும் வேறு. கூந்தல் உலர்த்தி நீரை ஆவியாக்குகிறது. கார் உலர்த்தி நீரைத் தள்ளுகிறது. ஒரு லிட்டர் நீரை அறை வெப்பநிலையில் ஆவியாக்க ஏறத்தாழ 2,440 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 1000 வாட் வெப்பக்கருவி ஒரு துளியும் வீணாக்காமல் உழைத்தாலும் அதற்கு 40 நிமிடம் ஆகும். அதே நீரை வேகக் காற்றால் தரையில் தள்ளச் சில நிமிடங்கள் போதும். கைகளை உலர்த்தும் கருவிகளும் இந்த வழியில்தான் மாறின: வெப்பக் காற்றால் நீரை ஆவியாக்கும் பழைய வகைக்கு மாற்றாக, மிட்சுபிஷி 1993இல் கொணர்ந்த ஜெட் டவலும், டைசன் 2006இல் வெளியிட்ட ஏர்பிளேடும் வேகத்தாலேயே நீரை வழித்தெடுத்தன. கார் உலர்த்தியில் காற்று சற்று வெதுவெதுப்பாக இருப்பது மோட்டாரின் வெப்பத்தால் நேர்வது. உலர்த்தலில் அதன் பங்கு சிறிது. மாறாக, மெழுகோ செராமிக் பூச்சோ ஏற்றப்பட்ட காரில் நீர் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரள்வதால், சிறிய மோட்டாரும் அதை எளிதில் உருட்டிவிடுகிறது. மெழுகு தேய்ந்த காரில் பெரிய மோட்டாரும் திணறுகிறது.

விளம்பரங்களில் காணும் குதிரைத்திறன் எண்களையும் இந்த இடத்தில் சரிபார்க்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அமெரிக்க வீடுகளின் 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு அதிகபட்சம் 1,800 வாட் தரும், அது 2.4 குதிரைத்திறன். இந்திய வீடுகளின் 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பும் 5 குதிரைத்திறனை எட்டாது. அதற்கு மேற்பட்ட எண்கள் ‘உச்சத் திறன்’ என்ற பெயரில், கண நேரச் சோதனை அளவாகக் குறிக்கப்படுபவை. எனவே வாங்குவோர் பார்க்க வேண்டியது வாட் அளவு, காற்றின் கன அளவு, குழாயின் நீளம் ஆகியவற்றையே. சர்வீஸ் நிலையங்களின் கம்ப்ரஸர் குழாய் அழுத்தம் மிகுந்ததாயினும் காற்றின் அளவு குறைவு. தொட்டியில் திரளும் ஈரமும் எண்ணெயும் வடிகட்டப்படாவிடில் அவையும் பூச்சின்மேல் தெறிக்கும்.

தோட்டத்துக் கருவியொன்றும் கார் உலர்த்தலுக்கு வந்து சேர்ந்தது. 1970களில் கலிபோர்னியாவில் ஏற்பட்ட வறட்சி, நடைபாதையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கத்தைக் குறைத்து, இலைகளை ஊதும் பெட்ரோல் கருவியைப் பரவச் செய்தது. அதன் இரைச்சலால் கார்மல் நகரம் 1975லேயே அதைத் தடை செய்தது. அம்மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம் சிறு பெட்ரோல் இயந்திரங்களின் புதிய விற்பனையை 2024 முதல் கட்டுப்படுத்தியது. மின்கலத்தில் இயங்கும் இலை ஊதிகள் அந்த இடத்தை நிரப்ப, அவற்றையே பலர் காருக்கும் திருப்பினர். தோட்டத்துக்கு வாங்கியது காருக்கும் பயன்பட்டதால், தனி உலர்த்தியின் தேவை பலருக்குக் குறைந்தது.

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு நீரின் தரமே முதல் விடை தருகிறது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடின நீர் காய்ந்தால் உப்பு எஞ்சும். இந்தியத் தரநிலையின்படி குடிநீருக்கே கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கப்படுகிறது. ஆயிரம் மில்லிகிராம் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் ஒரு லிட்டர் காரின்மேல் காய்ந்தால் ஒரு கிராம் உப்பு அதில் படியும். சித்திரை வெயிலில் சூடேறிய பானட்டின்மேல் துளிகள் துடைப்பதற்குள் காய்ந்து வட்டக் கறையாகிவிடும் என்பதால், கழுவுவதை வெயில் ஏறுமுன் முடித்து உடனே உலர்த்துவது இங்கு அமெரிக்காவைவிட முக்கியம். மறுபுறம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் மின் இணைப்போ குழாயோ இல்லாதவர்களுக்கும், ஒரு வாளி நீரில் தினமும் துடைக்க ஆள் வைத்திருப்பவர்களுக்கும் இக்கருவி பயன்படாது. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீரால் கார் கழுவுவதைத் தடை செய்து அபராதம் விதித்ததைப் போன்ற நாட்களில், கழுவுவதே கேள்விக்குரியதாகும்.

இக்கருவிக்கு எல்லைகளும் உண்டு. அது அழுக்கை நீக்காது. காய்ந்துவிட்ட உப்புக் கறையையும் எடுக்காது. புழுதித் தரையில் ஊதினால் மண்ணையே ஈரக் காரின்மேல் எறியும். மூடிய கொட்டகையில் நெடுநேரம் இயக்கினால் செவிக்குக் காப்பு வேண்டும். குழாயின் முனையைக் கழற்றி, நீரை மெதுவாகத் தகடுபோல வழியவிட்டுக் கடைசியாக அலசினால், பெரும்பகுதி நீர் தானே இறங்கிவிடும். எஞ்சியதைத் தூய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. வெள்ளை அல்லது வெள்ளி நிறக் கார் வைத்து, மாதம் ஒருமுறை கழுவுவோருக்கு இதுவே போதும்.

அடர் நிறக் காரைத் தன் வீட்டுக் குழாயிலேயே வாரந்தோறும் கழுவுபவர், உப்புத் தண்ணீரை நம்பியிருப்பவர், அல்லது எஞ்சின் தகடுகளுக்கு இடையிலும் பிரேக் டிஸ்க்கின் இடுக்கிலும் துணி நுழையாத மோட்டார் சைக்கிளையும் சேர்த்துப் பராமரிப்பவர் ஆகியோருக்குக் காற்றூதி அதன் விலைக்குத் தகுந்த பயனைத் தரும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் இரண்டு நல்ல துணிகளும் ஒரு டப்பா மெழுகும் வாங்குவதே மேல்.